பானட்டுக்குள் கை போக வேண்டும்

“ஒரு கார் செய்யணும்னா நீ மொதல்ல எதைச் செய்வ, பாப்பா?”

கேட்டது வின்சென்ட் அண்ணன். மூன்று மாதத்துக்கு முன்னால், பெரியம்மா வீட்டு முன்னறையில், கம்ப்யூட்டரில் ஒரு புது விளையாட்டை ஏற்றிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து கேட்டான். எதைக் கேட்டாலும் பதில் வர அரைநாள் ஆகும் என்று பெயர் வாங்கியவள் அக்சிலியா. அன்றைக்கு மட்டும் மூச்சுவிடும் நேரம்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

“என்ஜின்” என்றாள்.

நாமக்கல்லில் பிறந்தவள் வேறு என்ன பதில் சொல்லுவாள்? அவளுடைய அப்பா சூசைமாணிக்கம் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவர். கம்பெனியிலிருந்து வண்டி வரும்போது அதற்குக் கூரை இருக்காது, கதவு இருக்காது. நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், சக்கரங்கள், முன்னால் ஒரு என்ஜின், அவ்வளவுதான். ஓட்டிவரும் டிரைவர் தலையில் ஹெல்மெட்டும் மூஞ்சியில் துண்டுமாக ஒரு பலகைமேல் உட்கார்ந்து, ஊர் ஊராக வெயிலைத் தின்றுகொண்டு வந்து சேருவார். அதற்கப்புறம்தான் டேப்பை எடுத்து அளந்து கேபின் கட்டுவார்கள், பாடி கட்டுவார்கள். என்ஜின் எங்கேயாவது முட்டினால் அந்த இடத்தில் தகட்டைத் தட்டிப் புடைக்க வைப்பார்கள். பத்தாவிட்டால் வெட்டி ஒட்டுவார்கள். என்ஜின் சொன்னபடி பாடி கேட்கும். அந்தத் தெருவில் பால்குடி மறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லும்.

வின்சென்ட் சிரித்தான். “செரி. அப்ப என்ஜின் உன்ற வேலை. பாடி என்ற வேலை.”

இருவரும் செய்த தப்பு அந்த நிமிஷத்தில்தான் தொடங்கியது. அது தெரியவந்தபோது மூன்று மாதம் போய்விட்டிருந்தது. கையில் மிச்சம் நாலு மணி நேரம்தான் இருந்தது.

வின்சென்ட் அவளுடைய பெரியப்பா மகன். திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு காலேஜில் ஆட்டோமொபைல் இரண்டாம் வருஷம் படிக்கிறான். திங்களிலிருந்து வெள்ளிவரை ஹாஸ்டல். அவன் இல்லாத நாட்களில் கம்ப்யூட்டர் சும்மா கிடக்கும். அக்சிலியா பதினொன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவள். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் இரண்டு தெரு தாண்டிப் பெரியம்மா வீட்டுக்கு வந்துவிடுவாள்.

அவள் பள்ளிக்கூடத்தை விட்டதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் எழுந்து நின்று ஒரு பாடத்தை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று வகுப்பில் ஒரு பழக்கம் கொண்டுவந்தார்கள். அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள். பாடம் முழுக்கத் தெரியும், வாய் திறக்கவில்லை. பாடவேளை முடிகிற வரைக்கும் நின்றாள். மறுவாரம் வயிற்றுவலி என்று படுத்தாள். அடுத்த வாரமும் அதே வயிற்றுவலி. அரைப்பரீட்சை போனது. “செரி சாமி, ஊட்லயே இரு” என்று அப்பா சொல்லிவிட்டார். வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்பு மையால் கோடு போட்டிருக்கிறது என்று பக்கத்து வீட்டு ஸ்ரீதேவி வந்து சொன்னாள். அதை அவள் எதற்காக வந்து சொல்ல வேண்டும் என்று இன்றுவரை புரியவில்லை.

இந்த விளையாட்டில் யாரும் எழுந்து நிற்கச் சொல்லவில்லை. ஒரு என்ஜினை எடுத்து அதன் ஒவ்வொரு அளவையும் நாமே வைக்கலாம். புரியாத இங்கிலீஷ் வார்த்தைகளைப் பெரியம்மாவின் போனில் தேடிப் பார்த்துப் பார்த்தே பாதி விளையாட்டைக் கற்றுக்கொண்டாள். நாலு சிலிண்டர் என்ஜின் ஒன்று. நடுங்காமல் ஓட வேண்டும், கொல்லிமலை வளைவு மாதிரி ஏற்றத்திலும் மூச்சு வாங்கக் கூடாது, எண்ணெயும் நிறையக் குடிக்கக் கூடாது. ஐம்பத்திரண்டு தடவை கலைத்துச் செய்தாள். கடைசியில் அது ஓடும் சத்தத்தைக் கேட்ட பெரியம்மா, “என்னங் கண்ணு, மிக்சியாட்டம் இருந்தது இப்பத் தையல் மிசினாட்டம் ஆயிருச்சு” என்றாள். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் அவளுக்கு அதுவரை யாரும் கொடுத்ததில்லை.

அப்போதுதான் வின்சென்டின் காலேஜில் போட்டி அறிவித்தார்கள். இதே விளையாட்டில், நாலு பேர் போகிற சின்ன கார் ஒன்று செய்ய வேண்டும். இரண்டு பேர் ஒரு அணி. ஒருவர் வெளியாளாகவும் இருக்கலாம். முதல் வாரம் பாடியைப் பதிவு செய்ய வேண்டும். அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் என்ஜினோடு முழு வண்டியையும் அனுப்ப வேண்டும். தேறுகிற வண்டிகளைக் காலேஜ் ஹாலில் பெரிய திரையில் ஓட்டிக் காட்டுவார்கள். வண்டிக்குக் கீழே ‘பாடி’ என்று ஒரு பெயர், ‘என்ஜின்’ என்று ஒரு பெயர்.

“உன்ற பேரும் வரும் பாப்பா” என்றான் வின்சென்ட்.

அன்றிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. பரிசு எதுவும் வேண்டாம். அந்த ஹாலில், அவள் போகாத அந்த ஹாலில், திரையில் அவளுடைய என்ஜின் ஓட வேண்டும். அதற்குக் கீழே கோடு போடாத அவளுடைய பெயர் ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். சூ. அக்சிலியா. அது போதும்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கு வின்சென்ட் பென் டிரைவோடு வந்தான். பாடியின் படத்தை முந்தின வாரமே போனில் அனுப்பியிருந்தான். சிவப்பு நிறம், குட்டி மூக்கு, முன்பக்கம் கூராக, அழகாகத்தான் இருந்தது. மூக்கு கொஞ்சம் சின்னதாக இருக்கிறதே என்று நினைத்தாள். அப்புறம் நீட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

பாடியைத் திறந்து, என்ஜினை எடுத்து உள்ளே இறக்கினார்கள். திரையில் அவளுடைய என்ஜின் கயிற்றில் தொங்குவதுபோல மெதுவாக இறங்கியது. ‘டக்’ என்று ஒரு சத்தம். உட்கார்ந்துவிட்டது.

“ஆகா!” என்று கையைத் தட்டினான் வின்சென்ட்.

தட்டிய கை கீழே வருவதற்குள் பக்கத்தில் ஒரு பட்டை சிவப்பானது. ‘என்ஜின் பே இடைவெளி: இல்லை.’ அதற்குக் கீழே, ‘வருடப் பராமரிப்புச் செலவு: 31,200.’

போட்டியின் வரம்பு பதினெட்டாயிரம். அதற்குமேல் ஒரு ரூபாய் போனாலும் வண்டி தேறாது.

அக்சிலியா அந்தப் பட்டையின்மேல் அம்புக்குறியை வைத்தாள். காரணத்தைச் சொல்லி ஒரு சின்னப் பெட்டி திறந்தது. வின்சென்ட் படித்துச் சொன்னான். “பிளக் மாத்தறதுக்கே என்ஜினை வெளிய எறக்கணுமாம். பெல்ட் மாத்தறதுக்கும் எறக்கணுமாம். பில்டருக்கும் எறக்கணுமாம். கை போக எடமே இல்லியாம்.”

“எதுக்குடா கை போகல?” என்று உள்ளேயிருந்து வந்தாள் பெரியம்மா இன்பமேரி. கையில் இரண்டு டம்ளர் மோர்.

“என்ஜின் பேல எடம் இல்லம்மா.”

“என்ஜின் பேயா?”

“பேயில்ல, பே. என்ஜின் உக்காருற குழி.”

“என்ன எழவோ. மூணு மாசமா இந்தப் புள்ள அந்தப் பொட்டியையே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருக்கறப்பவே நெனச்சேன், பேய்தான் புடிச்சிருக்குதுன்னு. நாளைக்குப் பூசைக்கு வாரப்ப சாமியார்கிட்ட ஒரு மந்திரிப்பு வாங்கிக்கலாம், கண்ணு” என்று மோரை வைத்துவிட்டுப் போனாள். வேறு நாளாக இருந்தால் அக்சிலியா சிரித்திருப்பாள்.

“பாடியைக் கொஞ்சம் நீட்டுண்ணா” என்றாள்.

“நீட்டறதா?” வின்சென்ட் அவளைப் பார்த்தான். “பாடி போன வாரமே பதிவாயிருச்சு. இனி ஒரு இஞ்ச் தொட முடியாது.”

“முன்னால மட்டும். ஒரு சாணு.”

“இதென்ன சித்தப்பா பட்டறையா, வெட்டி ஒட்டறதுக்கு? என்ஜின் இவ்வளவு நீளம்னு நீ ஏன் சொல்லல?”

“நீ கேக்கலயே.”

“நான் கேக்கலைன்னா நீ சொல்ல மாட்டியா? கார் கம்பெனியில எல்லாம் மொதல்ல பாடிதான் பாப்பா. அதுல இவ்வளவு எடம்னு முடிவு பண்ணிட்டுத்தான் என்ஜினையே தொடுவாங்க.”

“அப்ப நீ ஏன் எடம் எவ்வளவுன்னு சொல்லல?”

“அழகா வரட்டும்னு பாத்தேன்” என்று மட்டும் முனகினான். என்ஜின் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுதானே என்று அவன் நினைத்திருக்கிறான். பாடி எப்போதும் வளைந்துகொடுக்கும் என்று இவள் நினைத்திருக்கிறாள். யாரைத் திட்டுவது? திட்டினாலும் அந்தச் சிவப்புப் பட்டை மாறப்போகிறதா?

வேலையை ஆரம்பித்தார்கள். பாடியின் வெளி அளவு பூட்டியிருந்தாலும், என்ஜின் குழிக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தடுப்பை முன்னே பின்னே நகர்த்தலாம். அக்சிலியா அதைப் பின்னால் தள்ளினாள். இடைவெளி கூடியது. செலவு இருபத்தாறாயிரத்துக்கு இறங்கியது. ஆனால் காருக்குள்ளே உட்கார்ந்திருந்த நாலு சாம்பல் நிற பொம்மைகளில் பின்னால் இருந்த இரண்டும் முழங்காலைத் தூக்கித் தூக்கி நெஞ்சுக்குக் கொண்டுவந்துவிட்டன. ‘உள் இடம்’ என்ற பட்டை சிவந்தது.

தடுப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து, சிலிண்டர்களின் அகலத்தைக் குறைத்தாள். என்ஜின் சிறுத்தது. செலவு இறங்கியது. ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றாவது வளைவில் கார் நின்றுவிட்டது.

“பழநி அடிவாரத்துல நின்ன நம்ம ஊட்டு மொபெட் மாதிரி இருக்குது” என்றான் வின்சென்ட்.

ஒரு சிலிண்டரை எடுத்துவிட்டு மூன்றாக்கினாள். அதைச் செய்யும்போது அவளுக்குக் கை கூசியது. செலவு பதினேழாயிரம்! பட்டை பச்சை! ஆனால் என்ஜினை முடுக்கியதும் நாலு பொம்மையும் குளிர்ஜுரம் வந்ததுபோல நடுங்கின. ‘சொகுசு: 52.’ குறைந்தது அறுபது வேண்டும்.

ஒரே பாயில் நாலு பேரைப் படுக்க வைத்ததுபோல இருந்தது. ஒருத்தர் புரண்டால் இன்னொருத்தர் தரையில் கிடந்தார். செலவு பச்சையானால் இடம் சிவந்தது, இடம் பச்சையானால் ஏற்றம் சிவந்தது, ஏற்றத்தைச் சரி செய்தால் மறுபடி செலவு. மணி மூன்று. மோர் அப்படியே இருந்தது. அவளுக்கு அழுகை வரவில்லை. மானிட்டரைத் தூக்கி முற்றத்தில் எறிய வேண்டும்போல இருந்தது. நாலு சிலிண்டரையும் மறுபடி போட்டாள். மறுபடி 31,200. அந்த எண்ணைப் பார்த்தாலே காது சூடானது.

இதில் அவளைக் கொதிக்க வைத்தது இன்னொன்று. இதே வண்டி அப்பாவின் பட்டறைக்கு வந்திருந்தால் இந்நேரம் ஒரு ஆள் பீடியைக் காதில் செருகிக்கொண்டு வந்து, இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, தகட்டில் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டிருப்பான். ‘இங்க ஒரு ஓட்டையைப் போட்டுக் கதவு வை. கை போனாப் போதும்.’ வேலை முடிந்தது. இந்த விளையாட்டுக்கு அது தெரியவில்லை. அளவு, அளவு, அளவு. கையை எப்படி வளைத்து உள்ளே விடலாம் என்று அதற்கு என்ன தெரியும்?

வின்சென்ட் கட்டிலில் சாய்ந்து போனை எடுத்துக்கொண்டான். “நீ பாத்துட்டு இரு. நான் வேற வழி இருக்கான்னு பாக்கறேன்.”

அவள் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து மூடினாள். அடிச்சட்டத்துக்கான சேசிஸ் பக்கத்தின் கீழே, இதுவரை திறந்து பார்க்காத ஒரு பட்டியலில், கடைசியாக ஒரு சின்னச் சதுரம். பக்கத்தில் இங்கிலீஷில் நாலு வார்த்தை. அதில் இரண்டு புரிந்தது. மற்ற இரண்டையும் பெரியம்மாவின் போனில் போட்டுப் பார்த்தாள். ‘உள்ளிருந்து திறக்கும் பராமரிப்பு மூடி.’

ஒரு நிமிஷம் விழித்தாள். அப்புறம் புரிந்தது. பழைய லாரிகளில் டிரைவருக்குப் பக்கத்தில், கேபினுக்குள்ளேயே, மேடு மாதிரி இருக்குமே, அதுதான்! கிளீனர் ஈரத்துண்டைக் காயப்போடுவார். டிபன் கேரியரைச் சூட்டுக்கு வைப்பார். வண்டி நடுவழியில் நின்றால் அந்த மூடியைத் தூக்கினால் போதும், என்ஜின் பாதி கைக்கு எட்டும். வெளியே இறங்க வேண்டியதே இல்லை.

சதுரத்தில் அழுத்தினாள். முன்சீட்டுகளுக்கு நடுவே ஒரு மேடு எழும்பியது. செலவு முப்பத்தோராயிரத்திலிருந்து கடகடவென்று இறங்கி 19,600-இல் நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டு தடுப்பை ஒரே ஒரு புள்ளி பின்னால் தள்ளினாள். பின்சீட்டு பொம்மைகள் முழங்காலைக் கொஞ்சம் உயர்த்தின. ஆனால் பட்டை சிவக்கவில்லை. ‘17,850.’ சத்தம் கூடியதால் சொகுசு 61-க்கு இறங்கியிருந்தது. இறங்கட்டும். அறுபதுக்கு மேல்தானே?

எல்லாப் பட்டையும் பச்சையும் மஞ்சளுமாக நின்றன. ஒன்றுகூடச் சிவப்பில்லை. நாலு சிலிண்டர். அவளுடைய என்ஜின். மணி நாலே கால்.

“அண்ணா” என்றாள். குரல் அவளுக்கே புதிதாகக் கேட்டது. “வந்து பாருண்ணா.”

வின்சென்ட் எழுந்து வந்தான். எண்களைப் பார்த்ததும் கண் விரிந்தது. “ஏய்! எப்படிப் பண்ணுன?” அப்புறம் காரின் உள்பக்கத்தைத் திறந்தான். முகம் சுருங்கியது. “இதென்ன நடுவுல? திட்டாட்டம்?”

“மூடி. தூக்குனா என்ஜின் தெரியும். லாரியில இருக்குமே அந்த மாதிரி.”

“அதான் சொல்றேன், லாரி மாதிரி இருக்குது.” தலையைச் சொறிந்தான். “பாப்பா, இது காரு. உள்ள ஏறி உக்காந்தா காலுக்குப் பக்கத்துல என்ஜின் மூடி இருந்தா எவன் வாங்குவான்? ஜட்ஜுக சிரிப்பாங்க. ஏற்கெனவே காலேஜ்ல என்னை ‘லோடு’ன்னுதான் கூப்பிடறானுக, நாமக்கல்காரன்னு.”

“எல்லாமே பாசாயிருக்குது.”

“பாசாயிருக்குது. ஆனா பாரு…” அவன் போனை வைத்துவிட்டு மௌஸை வாங்கினான். “நானும் ஒண்ணு கண்டுபுடிச்சேன். விளையாட்டுலயே ரெடிமேடா என்ஜின் குடுத்திருக்கறாங்க. மூணு சிலிண்டர்தான், ஆனா நடுங்காது. இந்தப் பாடிக்குச் சரியா உக்காரும்.”

அவளுடைய வண்டியை ஒரு பக்கம் சேமித்துவிட்டு இன்னொன்றைத் திறந்தான். குட்டி என்ஜின் ஒன்று இறங்கியது. சுற்றிலும் கை போக இடம், தோள் போகவும் இடம். ‘பராமரிப்பு: 14,000. சொகுசு: 66.’ ஏற்றத்தில் முக்கி முனகி ஏறிவிட்டது. நடுவில் மூடி இல்லை. பாடி, அவன் வரைந்தபடியே, துடைத்து வைத்ததுபோல இருந்தது.

அக்சிலியா அதையெல்லாம் பார்க்கவில்லை. அடியில் இருந்த இரண்டு வரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘பாடி: வி. வின்சென்ட். என்ஜின்: தயார்நிலை, எண் 7.’

“என்ற பேரு?” என்றாள்.

“என்ஜின் உன்றது இல்லைன்னா பேரு எப்படி வரும்? அது தானா எடுத்துக்கும். அணியில உன்ற பேரு இருக்குது, அதெல்லாம் ஒண்ணும் போகாது.”

“அது திரையில வராது.”

வின்சென்ட் பெருமூச்சுவிட்டான். கெட்டவன் இல்லை. அவள் முகத்தைப் பார்த்து அவனுக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. எழுந்து முன்னறைக்குள்ளேயே நடந்தான். பட்டறைப் பக்கமிருந்து தகடு தட்டும் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. சுவர்க்கடிகாரத்தில் மணி நாலே முக்கால் ஆனது.

“செரி, இப்படி யோசிச்சுப் பாரு” என்று மறுபடி வந்து உட்கார்ந்தான். “தேறுன வண்டிக்கு அஞ்சு நிமிசம் மேடையில பேசணும். இந்த எடத்துல இவ்வளவுதான் எடம், செலவு இவ்வளவு வருது, அதுக்காக இப்படிச் செஞ்சேன்னு எடுத்துச் சொல்லணும். ரெடிமேட் என்ஜின்னா நான் சொல்லீருவேன். உன்ற வண்டிய அனுப்புனா, அந்த மூடிய எதுக்கு வெச்சேன்னு கேப்பாங்க. எனக்கென்ன தெரியும்? லாரியில நீதான பாத்திருக்கற. என்ஜின் செஞ்சவதான் சொல்லணும். நீ வந்து சொல்லுவியா?”

அக்சிலியா சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.

“வற்புறுத்தல பாப்பா. உன்னால ஆகாதுன்னு எனக்குத் தெரியும். அதான் கேக்கறேன். வந்து சொல்றதா இருந்தா உன்றதையே அனுப்பறேன். எவன் சிரிச்சாலும் சிரிக்கட்டும். இல்லைன்னா இதை அனுப்பறேன். அஞ்சு மணிக்கு மேல ஒரு நொடி ஆனாலும் வாங்காது.”

சொல்லிவிட்டுத் திரைப்பக்கம் திரும்பி, அனுப்பும் பக்கத்தைத் திறந்து, தன் பெயர், அணியின் பெயர், போன் நம்பர் என்று வரிசையாக அடிக்க ஆரம்பித்தான்.

அக்சிலியாவின் கண்முன் அந்த ஹால் வந்து நின்றது. மேடை. விளக்கு. எதிரில் முகங்கள். அந்த மூடியைப் பற்றி அவளால் ஐந்து நிமிஷமல்ல, ஐம்பது நிமிஷம் பேச முடியும். உள்ளுக்குள் இப்போதே பேசிக்கொண்டுதான் இருந்தாள். ‘பானட்டுக்குள் கை போகாவிட்டால், கார் வாங்குகிறவர் ஒவ்வொரு வருஷமும் இல்லாத அந்த இடத்துக்கு வாடகை கொடுக்கிறார்.’ இதைச் சொன்னால் போதும். இதிலிருந்தே ஆரம்பித்துவிடலாம். ஆனால் உள்ளே இருப்பது வெளியே வர வேண்டுமே!

நாலு ஐம்பத்தாறு. வின்சென்ட் காலேஜின் பெயரை அடித்துக்கொண்டிருந்தான்.

நாலு ஐம்பத்தேழு.

வகுப்பில் பதில் சொல்வதென்றால் எழுந்துதான் சொல்ல வேண்டும். பத்து வருஷப் பழக்கம். அவளை அறியாமல் எழுந்தாள். பிளாஸ்டிக் நாற்காலி தரையில் கிறீச்சென்று பின்னால் நகர்ந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். முழு பலத்தையும் ஒன்றுசேர்த்து, இருந்த ஒரே வார்த்தையை வெளியே தள்ளினாள்.

“வாரேண்ணா.”

வின்சென்ட் திரும்பவில்லை. விரல் அடித்துக்கொண்டே இருந்தது. கொஞ்சம் நிம்மதியானதுபோலத் தலையை ஆட்டினான்.

“செரி பாப்பா, போயிட்டு வா. வெசனப்படாத. அடுத்த வருசமும் போட்டி வரும்” என்றான்.

சொல்லிக்கொண்டே மௌஸை அழுத்தினான். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றியது. நின்றது. ‘பெறப்பட்டது. நன்றி.’ அதற்குக் கீழே குட்டி என்ஜினோடு சிவப்புக் கார். பாடி: வி. வின்சென்ட். என்ஜின்: தயார்நிலை, எண் 7.

அக்சிலியா நின்ற இடத்திலேயே நின்றாள்.

வின்சென்ட் சோம்பல் முறித்துக்கொண்டு திரும்பினான். “இன்னும் போகலியா?”

அவள் தலையை ஆட்டினாள். “நான் போறேன்னு சொல்லல” என்றாள். இப்போது வார்த்தை தானாக வந்தது. வர வேண்டிய நேரம் தாண்டி வந்தது.

“நீதான வாரேன்னு எந்திரிச்ச. நாற்காலிய இழுத்துட்டு…” என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். முகத்திலிருந்து சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. “வாரேன்னா… காலேஜுக்கா?”

அவள் கண் திரையில் இருந்த சிவப்புக் காருக்குப் போனது.

வின்சென்ட் சட்டென்று திரைப்பக்கம் திரும்பினான். பின்னால் போகும் பொத்தானை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். நாலு ஐம்பத்தொன்பது. ‘உங்கள் அணி ஏற்கெனவே அனுப்பிவிட்டது’ என்று அது ஒவ்வொரு தடவையும் அதே மரியாதையோடு சொன்னது. மௌஸை மேஜைமேல் ‘டொக்’கென்று வைத்தான்.

“ஏம் பாப்பா, ரெண்டு வார்த்தை சேத்திச் சொல்லக் கூடாதா? ‘காலேஜுக்கு வாரேன்’னு சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே! ஊட்டுக்குக் கெளம்பறப்பவும் அதே வாரேன், மேடைக்கும் அதே வாரேன்னா நான் எதைன்னு எடுத்துக்கறது?” அவன் குரலில் கோபம் இருந்தது. யார்மேல் என்று அவனுக்கே தெரியவில்லை. “நீ வர மாட்டேன்னு நெனச்சுட்டுத்தான் இருந்தேன். சத்தியமா. நீ வருவேன்னு நான் நெனைக்கவே இல்ல.”

அதுதான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வலித்தது. அவன் தப்பாகக் கேட்கவில்லை. எதை எதிர்பார்த்து இருந்தானோ, அதையே கேட்டிருக்கிறான்.

பெரியம்மா சுண்டல் கிண்ணத்தோடு வந்தாள். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்னாச்சு? பேய் ஓடிருச்சா இல்லியா?” என்றாள். யாரும் சிரிக்கவில்லை. “ஏனுங் கண்ணு, நின்னுட்டே இருக்கற? உக்காந்து ரெண்டு வாய் சாப்புட்டுட்டுப் போ.”

“பாப்பா, நான் எங்க சார்கிட்டப் பேசிப் பாக்கறேன். திங்கக்கிழமை போனதும் மொத வேலை அதான். தப்பா அனுப்பிட்டோம்னு சொல்றேன். கேப்பாங்களான்னு தெரியல, ஆனா சொல்றேன்” என்று வின்சென்ட் எழுந்து வந்தான். “ஏதாச்சும் சொல்லு. திட்டவாவது செய்யி.”

அக்சிலியா அவனைத் தாண்டி மேஜைக்குப் போனாள். சேமித்து வைத்த தன் வண்டியை ஒரு தடவை திறந்தாள். மூடி மூடியிருந்தது. நாலு பொம்மையும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. எல்லாப் பட்டையும் தேறியிருந்தன. மூடிவிட்டு, கம்ப்யூட்டரையும் அணைத்தாள்.

பெரியம்மா கிண்ணத்தை நீட்டியபடியே நின்றாள். அவள் வாங்கவில்லை. படியில் கிடந்த செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து, திறந்தபடியே விட்டுவிட்டு, இருவரிடமும் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தெருவில் இறங்கி நடந்தாள்.